வெளியே வந்து வருந்தி அழைத்தவர்

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் 14 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஆராதனை, உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கியக் கூட்டம், தசமபாகம், எதிலும் குறை வைத்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் 16 வயது மகன் ‘நான் வரலம்மா’ என்றான். கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தவில்லை. ‘உனக்கு அங்க போறது சந்தோஷமா இருக்காம்மா?’ என்று மட்டும் கேட்டான். எனக்கு வாயே வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இருப்பது பயம். ஒரு வாரம் போகாவிட்டால் வீட்டில் ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம். ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்று வேதம் சொல்கிறது. அந்தச் சந்தோஷம் இல்லாமல் இருப்பதே பாவமா? மகனை இழுத்துக்கொண்டு போகட்டுமா, விட்டுவிடட்டுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

‘எதிலும் குறை வைத்ததில்லை’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீங்கள் கேட்க வந்தது மகனைப் பற்றி. ஆனால் முதலில் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் கேள்விக்கே வருகிறீர்கள், தணிக்கைக்கு வந்தவரிடம் பேரேட்டை நீட்டுவதுபோல. நான் கேட்கவே இல்லையே!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பேரேட்டை நானும் எழுதியவன்தான். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். மற்ற நாட்களில் மூன்று, ஞாயிறு அன்று ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஆயரான புதிதில் அதற்காக ஓர் அட்டவணை வைத்திருந்தேன். வாசித்த அதிகாரத்துக்கு நேரே ஒரு டிக். ஓர் இரவு நாளாகமத்தின் வம்ச வரலாறு வந்தது. யார் யாரைப் பெற்றான் என்று ஒன்பது அதிகாரம் நீளும் பகுதி அது. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, ஆனால் டிக் போடாமல் படுக்க மனம் வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், டிக்கின் வால் கட்டத்தைவிட்டு இறங்கி, தாளைத் தாண்டி, தலையணை உறை வரைக்கும் நீலக்கோடாக ஓடியிருந்தது. வாசித்ததில் ஒரு பெயர்கூட நினைவில் இல்லை. ஆனாலும் கட்டம் காலியாக இல்லையே என்று எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் பல வருடம் விசுவாசத்தின் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடி விழாமல் தப்பித்த பையனுக்கும் அதே நிம்மதிதான் வரும். அவன் வாத்தியாரை நேசிக்கிறான் என்று அதற்கு அர்த்தமில்லை.

சரி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பகுதிக்கே வருகிறேன். லூக்கா 15, ஊதாரி மகன் உவமை. சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவரும் இளைய மகன், வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்த மகன், இவர்களின் கதை. ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை முறை எடுத்திருப்பீர்கள்! பன்றிகள், தவிடு, தூரத்தில் கண்டதும் ஓடிவரும் தகப்பன், மோதிரம், கொழுத்த கன்று. பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுப்பதும் அந்தப் பாதிதான். மூத்த மகனிடம் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் இந்தக் கதையை இயேசு யாரிடம் சொன்னார் என்று அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ‘இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்’ என்று முறுமுறுத்தவர்களிடம். அதாவது, ஒன்றிலும் குறை வைக்காதவர்களிடம். கதை மூத்தவனுக்காகத்தான்.

அவன் பேச்சைக் கவனியுங்கள். ‘இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்...’ ஊழியம்! நாம் மேடையிலும் நோட்டீசிலும் வாய்நிறையச் சொல்லும் அதே சொல். இளையவன் ஊதாரிதான், ஆனால் வாயைத் திறந்தால் ‘தகப்பனே’ என்கிறான். மூத்தவன் பேச்சு முழுவதிலும் அந்தச் சொல் இல்லை. ‘இதோ’ என்று ஆரம்பிக்கிறான், கணக்கைச் சொல்கிறான், ஓர் ஆட்டுக்குட்டி பாக்கி இருக்கிறது என்கிறான். ஒரே வீட்டில், ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு சம்பளம் வராத வேலைக்காரனாக வாழ்ந்திருக்கிறான். தகப்பன் அப்படி நடத்தியதாகக் கதையில் எங்கேயும் இல்லை. இவனாக எடுத்துக்கொண்ட வேலை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கவனிப்பதில்லை. இளையவனும் வேலைக்காரனாகத்தான் திரும்பிவரத் திட்டமிட்டான். பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒத்திகை பார்த்த பேச்சில் ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்று ஒரு வரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து பேசும்போது அந்த வரி இல்லை. 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைச் சொல்லவிடாமல் தகப்பன் குறுக்கே புகுந்து, வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். இரண்டு மகன்களும் கூலி பேசத்தான் வருகிறார்கள். அந்த வீட்டில் கூலி பேச இடமில்லை.

இப்போது 28-ஆம் வசனம். மூத்தவன் கோபித்துக்கொண்டு உள்ளே போக மனதில்லாமல் நிற்கிறான். அப்புறம்: ‘தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்.’

இந்தச் சொல்லுக்காகவே நம் பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கும்பிடு போடத் தோன்றும் எனக்கு. வருந்தி அழைப்பது. ‘வருந்தி வருந்திக் கூப்பிட்டாங்க, மறுக்க முடியல’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். அதில் வருந்துவது யார் என்று யோசித்திருக்கிறீர்களா? வரப்போகிறவர் இல்லை, கூப்பிடுகிறவர். வராமல் போய்விடுவார்களோ என்ற தவிப்பு அவருடையது. கட்டாயம் என்றால் இது தலைகீழாகிவிடும். போகிறவர் வருந்துவார், கூப்பிட்டவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் எழுதிய ஞாயிற்றுக்கிழமைகளில் வருந்துகிற பாரம் முழுவதும் உங்கள் தலைமேல் இருக்கிறது. அது உங்கள் பாரம் இல்லை. உள்ளே ஆட்டமும் பாட்டமும் நடக்க, விருந்தாளிகளை விட்டுவிட்டு, வயலிலிருந்து வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும் மகனிடம் வந்து கெஞ்சுகிறவர் சுமக்க வேண்டிய பாரம் அது. அவரும் சுமக்கத்தான் செய்கிறார்.

ஒரு அதிகாரம் முன்னால் போனால், லூக்கா 14-இல் பெரிய விருந்தின் உவமை. அழைக்கப்பட்டவர்கள் வயல் வாங்கினேன், மாடு வாங்கினேன், கல்யாணம் பண்ணினேன் என்று சாக்குச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் ஊழியக்காரனிடம், வழியோரத்திலும் வேலியோரத்திலும் இருப்பவர்களை ‘வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்கிறார். திரும்பவும் அதே வருந்தல். லத்தீன் மொழிபெயர்ப்பில் இது ‘நுழையும்படி கட்டாயப்படுத்து’ என்று ஆனது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில், டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிந்துபோன கிறிஸ்தவக் குழுவினரோடு நடந்த சண்டையில், பிரிந்துபோனவர்களை அரச சட்டத்தால் நெருக்கித் திருச்சபைக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு ஆயரும் இறையியலாளருமான அகஸ்டின் இந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டினார். எவ்வளவு பெரிய மேதை! இந்த ஒரு விஷயத்தில் அவர் சறுக்கினார் என்றுதான் நினைக்கிறேன். கிரேக்க மூலச்சொல்லில் நெருக்குதல் என்ற அழுத்தம் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. ஆனால் போகிறவன் ஒரே ஓர் ஊழியக்காரன், அவன் கையில் தடி இருந்ததாக எழுதவில்லை. அவன் தேடிப்போவது வேலியோரத்தில் கிடப்பவர்களை. ‘என்னையா? அந்த வீட்டு விருந்துக்கா?’ என்று நம்பாமல் பின்வாங்குகிறவர்களை. அப்படிப்பட்டவர்களைக் கையைப் பிடித்துக் கெஞ்சித்தான் கூட்டிவர வேண்டியிருக்கும்.

இதெல்லாம் இந்தக் காலத்து மென்மையான பிரசங்கம், பழையவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். கண்டிப்புக்குப் பேர்போன பியூரிட்டன்கள் என்ற இங்கிலாந்துச் சீர்திருத்தக்காரர்கள் காலத்தில், 1647-இல், வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதி முடித்த சிறிய வினாவிடையின் முதல் கேள்வியே மனிதனின் தலையாய நோக்கம் என்ன என்பது. பதில்: தேவனை மகிமைப்படுத்துவதும், என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும். முதல் பதிலிலேயே மகிழ்ச்சி வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் கத்தோலிக்கத் திருச்சபையைப் பாருங்கள். அங்கே ‘கடன் திருநாள்’ என்றே ஒரு சொல் உண்டு, ஞாயிறு திருப்பலி கடமை என்று சட்டமே இருக்கிறது. அதே திருச்சபையின் தலைவராக இருந்த போப் பிரான்சிஸ் 2013-இல் எழுதிய ஊக்கவுரைக்கு வைத்த தலைப்பு ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’. உயிர்ப்புப் பெருவிழா வராத தவக்காலம்போல வாழும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று அதில் எழுதினார். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் அட்டவணை வருடங்கள் அப்படித்தான் இருந்தன.

ஜான் வெஸ்லியைப் பற்றி நிச்சயம் கேள்விப்பட்டிருப்பீர்கள், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். அவருடைய இளமைக் காலத்தைப் பார்த்தால் உங்களுக்கு அண்ணன்போல இருப்பார். 1728-இல் குருவாக அபிஷேகம் பெற்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்களோடு ஒழுங்காக உபவாசம், சிறைச் சந்திப்பு, ஜெபம். மணிக்கணக்குப்படி வாழ்ந்ததால்தான் ‘மெத்தடிஸ்ட்’ என்ற கேலிப்பெயரே அவர்கள்மேல் ஒட்டியது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு மிஷனரியாகக் கப்பல் ஏறினார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல். பாய்மரம் கிழிகிறது, தண்ணீர் தளத்தில் ஏறுகிறது, ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் மட்டும் தாங்கள் ஆரம்பித்திருந்த சங்கீதத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் அவர்களில் ஒருவரிடம் வெஸ்லி கேட்டார், பயமாக இல்லையா என்று. இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளும்கூடவா? அவர்களும் சாவதற்குப் பயப்படுவதில்லை என்று பதில் வந்தது. உபவாசத்தில் ஒரு நாள் குறை வைக்காத வெஸ்லிக்கு அன்று நெஞ்சு நடுங்கியது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பும்போது, அமெரிக்கப் பழங்குடியினரை மனந்திருப்பப் போனேன், என்னை மனந்திருப்புவது யார் என்று நாட்குறிப்பில் எழுதினார்.

1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூடுகைக்குப் போனார். ‘மிகவும் மனமில்லாமல்’ போனதாக அவரே எழுதியிருக்கிறார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தன் இருதயம் வினோதமாக அனல்கொண்டதை உணர்ந்தார். கிறிஸ்து தன்னுடைய பாவங்களை, தன்னுடையதையும்கூட, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது. பல வருடம் கழித்து, அந்தப் பழைய நாட்களைப் பற்றி ஒரு குறிப்புச் சேர்த்தார். அப்போதும் தனக்கு விசுவாசம் இருந்ததாம். ஆனால் வேலைக்காரனின் விசுவாசம், மகனின் விசுவாசம் இல்லை. உங்கள் 14 வருடத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பொய்யான விசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மகள் என்று தெரியாமல் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

அந்த நாள் குறிப்பில் பலர் எடுத்துச் சொல்லாத இன்னொரு பகுதி இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு அதில்தான் பதில். இருதயம் அனல்கொண்ட அதே இரவில் அவருக்குள் ஒரு குரல் எழும்புகிறது: ‘இது விசுவாசமாக இருக்க முடியாது. உன் சந்தோஷம் எங்கே?’ கேட்டீர்களா, உங்களை வாட்டுகிற அதே கேள்வி! அவர் அதைச் சாத்தானின் குரல் என்று எழுதுகிறார். பொங்கிவரும் களிப்பைத் தேவன் தம் விருப்பப்படி சில நேரம் கொடுப்பார், சில நேரம் கொடுக்காமல் வைப்பார் என்பதை அன்று கற்றுக்கொண்டேன் என்கிறார்.

ஆகவே, சந்தோஷம் இல்லாதது பாவமா என்றால், இல்லை. தயவுசெய்து அதையும் பேரேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடாதீர்கள். ஆராதனை, உபவாசம், தசமபாகம், சந்தோஷம் என்று! முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சபைகளும் இருக்கின்றன. அது எல்லாவற்றிலும் கொடிய கட்டாயம். பிலிப்பியரில் ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று ஏவலாகத்தானே இருக்கிறது என்பீர்கள். ‘உட்காருங்கள்’, ‘இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்’ என்பதும் இலக்கணப்படி ஏவல்தான். கட்டளையிட்டார்கள் என்று யாரும் வருத்தப்படுவதில்லை. பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்’ என்பதும் அந்த மாதிரி ஏவல்தான்.

இதில் ஒன்றை மட்டும் ஆற்றுப்படுத்துநராகக் கேட்டாக வேண்டும். சந்தோஷம் போனது ஆலயத்தில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? தூக்கம் கெட்டிருக்கிறதா? பசி எப்படி? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் கனத்தே இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஜெபக்குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்து அந்தப் பயம். ஒரு வாரம் போகாவிட்டால் வீட்டில் ஏதாவது நடக்கும். இதை எத்தனை பேர் என் அறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போன வாரம் ஆராதனைக்குப் போகாததைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். போன வாரம் போயிருந்தால் அதற்கு முந்தின வாரம். இயேசுவின் காலத்திலும் இதே கணக்குத்தான். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். அவரே ‘அப்படியல்ல’ என்று பதிலும் சொன்னார். மனந்திரும்புங்கள் என்று அதோடு சேர்த்துச் சொன்னார், உண்மைதான். ஆனால் விபத்தைப் பார்த்துப் பாவத்தைக் கணக்குப்போடும் வேலையை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வருகையைச் சரிபார்த்துவிட்டுக் காய்ச்சல் அனுப்புகிறவரை நேசிக்க யாராலும் முடியாது. உங்களாலும் முடியவில்லை. அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கடமையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் புரிந்துகொண்டு அடுத்த ஞாயிறு போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் பழி என்மேல் விழும். கைக்குழந்தை நடுராத்திரி அழுதால் தாய் எழுந்துகொள்கிறாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் பொங்குவதில்லை, தூக்கம்தான் பொங்குகிறது. ஆனாலும் அவள் அந்த வீட்டின் கூலிக்காரி இல்லை. வெஸ்லியும் அன்று மனமில்லாமல்தான் போனார். போகாமல் இருந்திருந்தால் அந்த ஒன்பதுக்குக் கால் மணி அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்? அதனால் பிடித்தால் போ, பிடிக்காவிட்டால் விடு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். மனமில்லாத நாளிலும் போகலாம், தன் வீட்டுக்குப் போகிறவள் போவதுபோல.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஓய்வுநாள் பள்ளி வகுப்பை மூன்று மாதம் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் ஆயரிடம் நேராகச் சொல்லுங்கள்: ‘பயத்தில் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. கொஞ்ச நாள் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறேன்.’ நல்ல ஆயர் என்றால் புரிந்துகொள்வார். புரியாதவராக இருந்தால் 1 பேதுரு 5-ஐக் காட்டலாம். மந்தையை மேய்ப்பது ‘கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாயும்’ இருக்க வேண்டும் என்று அதில் மூப்பருக்கே எழுதியிருக்கிறது. காணிக்கைக்கும் அதே சொல்தான்: ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’, 2 கொரிந்தியர் 9. முதல் இரண்டு வாரம் கை பரபரக்கும். பிள்ளைகள் சத்தம்போடும் திசையில் கண் போகும். உட்கார்ந்தே இருங்கள். ஒன்றும் செய்யாத உங்களை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள அந்த நேரம் தேவை.

யோவான் 21-ஐ அந்த மூன்று மாதத்தில் மெதுவாக வாசியுங்கள், டிக் போடாமல். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீஷன் பேதுரு, இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல், விடியற்காலையில் கரைக்கு வருகிறான். அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு வருவது இரண்டே இடத்தில்தான். இன்னொன்று, அவன் மறுதலித்தபோது குளிர்காய்ந்த முற்றத்தில். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வந்திருக்கும்! விசாரணை ஆரம்பிக்கப்போகிறது என்றுதான் நினைத்திருப்பான். இயேசு சொன்னது: ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.’ முதலில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தபின்தான் ‘என்னை நேசிக்கிறாயா?’ அதற்கும் பிறகுதான் ஆடுகளை மேய்க்கும் வேலை. நாம் பிள்ளைகளுக்கு இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். வேலை முதலில், நேசம் பிறகு, சாப்பாடு பரலோகத்தில்!

மகன் விஷயம். 16 வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனால் உடம்பு வந்து உட்காரும், அவ்வளவுதான். விட்டுவிட்டாலும் அது கைகழுவுவதாகத்தான் அவனுக்குத் தெரியும். அந்தத் தகப்பன் இரண்டையும் செய்யவில்லை. கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளவில்லை, ‘வந்தால் வா, வராவிட்டால் போ’ என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை. வெளியே வந்தான். நீங்களும் வெளியே போய் அவன் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அவனிடம் சொல்லுங்கள்: ‘அன்னிக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. கத்தினது தப்பு. இன்னும் முழுசா தெரியல, தேடிட்டிருக்கேன்.’ அதற்கப்புறம் அவன் பேசுவதைக் கேளுங்கள். நடுவில் ஒரு வசனம்கூட எடுத்துவிட வேண்டாம். இது உங்களுக்கு உபவாசத்தைவிடக் கஷ்டமாக இருக்கும்! ஆலயத்துக்கு வராவிட்டால் போன் கிடையாது என்பது மாதிரி எதையும் முடிச்சுப்போட வேண்டாம். வாலிபர் கூட்டத் தலைவரை ‘தற்செயலாக’ வீட்டுக்கு வரவழைப்பதும் வேண்டாம், அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது ஒரே ஒரு முறை, முகம் கோணாமல், ‘நான் போறேன், வர்றியா?’ என்று கேளுங்கள். ‘இல்லம்மா’ என்றால் சரி என்று சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம்.

அவன் உங்களைக் கேட்ட கேள்வியைத் திமிர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் உங்கள் முகத்தை அவ்வளவு கவனித்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

கடிதத்துக்கு நன்றி. மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்தான். ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தோன்றினால் எழுதுங்கள்.